ஆவணிச் சீடை பங்குனியில் கிடைத்தால் என்ன தப்பு?

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கோகுலாஷ்டமிக்கு மட்டும் வந்த சீடையும் தீபாவளிக்கு மட்டும் வந்த அதிரசமும் எப்படி வருஷம் முழுக்கக் கடையில் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்க ஆரம்பித்தன என்பது ஒன்று. இதனால் பண்டிகைக்கு மதிப்புப் போய்விடாதா, அந்தப் பாக்கெட்டையே பிரித்துச் சாமிக்குப் படைக்கலாமா என்பது இன்னொன்று. கும்பகோணம் பக்கம் பலகாரக்கடை அடுப்படியிலும் சரக்கறையிலும் இருபது வருஷத்துக்கு மேல் கிடந்தவன் நான். அதனால் முதல் கேள்விக்குத் தைரியமாகப் பதில் சொல்வேன். இரண்டாவதற்கு என் அபிப்பிராயத்தைத்தான் சொல்ல முடியும்.

எந்தப் பண்டம் காலண்டரைத் தாண்டி வந்தது, எது இன்னும் அதன் நாளோடு நிற்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்திக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. பண்டத்துக்குள் எவ்வளவு ஈரம் நிற்கிறது என்பதுதான் விஷயம். சீடை, தட்டை, தேன்குழல், முறுக்கு எல்லாம் எண்ணெயில் ஈரம் வற்றும்வரை வெந்தவை. காற்றுப் புகாமல் வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும். அதிரசத்தில் ஈரம் உண்டு, ஆனால் வெல்லப்பாகு அந்த ஈரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, பூசணத்துக்குக் கொடுப்பதில்லை. அதனால்தான் இவையெல்லாம் தாண்டிவிட்டன.

காரடையான் நோன்பு அடையை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரத்தில் காராமணியும் தேங்காய்ப் பல்லும் போட்டு ஆவியில் வேகவைத்து, உருகாத வெண்ணெயோடு படைப்பது. காலையில் பஞ்சு மாதிரி இருக்கும், ராத்திரி விறைத்துப் போகும், மறுநாள் தேங்காய் ஊசிவிடும். இதைப் புரட்டாசியில் எந்தக் கடையிலாவது பார்த்திருக்கிறீர்களா? மார்கழித் திருவாதிரைக் களியும் அப்படித்தான். சிதம்பரத்தில் சேந்தனார் என்ற அடியார் சிவனுக்குக் கொடுத்த களி என்று கதை இருக்கிறது, கூடவே ஏழுகறிக் கூட்டு இருக்கிறது, ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். ஆனாலும் சித்திரையில் களி விற்கும் கடை நான் பார்த்ததில்லை. காலையில் கிண்டியதை மத்தியானத்துக்குள் விற்றுத் தீர்க்க முடியாத சரக்கை எந்தக் கடைக்காரனும் தொடமாட்டான்.

கொழுக்கட்டைதான் நடுவில் நிற்கிற ஆள். சாயங்கால டிபன் கடைகளில் சூடாக விற்கிறார்கள், அன்றே தீர்ந்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் கல்லாகிவிடுகிறது என்று பலரும் குறைப்படுவார்கள். அது உங்கள் கைப்பக்குவத்தின் குறை இல்லை. வெந்த அரிசி மாவின் மாவுச்சத்து ஃப்ரிட்ஜின் நாலைந்து டிகிரிக் குளிரில்தான் மிக வேகமாக இறுகும். வெளியே வைத்திருப்பதைவிட அதில் வைத்தால் சீக்கிரம் விறைக்கும். அதையே உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரிக்கு விறுவிறுவென்று கொண்டுபோனால் இறுகாமல் நிற்கும், மறுபடி ஆவியில் வைத்தால் ஓரளவு பழைய மென்மை திரும்பிவிடும். வெளிநாட்டு இந்தியக் கடைகளில் உறையவைத்த கொழுக்கட்டை கிடைப்பதன் சூட்சுமம் இவ்வளவுதான். மோதகம் சதுர்த்தியைத் தாண்டுவதற்கு உறைபெட்டி வரவேண்டியிருந்தது.

சரி, சீடை ஏன் முதலில் ஆவணியோடு நின்றது? வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏற்றுவது அந்தக் காலத்தில் ஒரு செலவு. செக்கில் அளந்து வாங்கிய எண்ணெய், விறகு, நாலு பெண்களின் ஒரு முழுநாள் உழைப்பு. வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான் கட்டுப்படியாகும். அந்த இரண்டு மூன்று தடவையைப் பண்டிகையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

உழைப்பு என்றேனே, மாவை மட்டும் பாருங்கள். பச்சரிசியைக் களைந்து ஊறவைத்து, வடித்து, வெள்ளை வேட்டியில் நிழலில் பரப்ப வேண்டும். கையில் அள்ளினால் பருக்கை ஒட்டக்கூடாது, ஆனால் உள்ளே ஈரம் இருக்க வேண்டும். அந்தப் பதத்தில் தூக்கிக்கொண்டு மில்லுக்கு ஓட வேண்டும். கோகுலாஷ்டமிக்கு முதல்நாள் மில் வாசலில் தூக்குவாளியும் டப்பாவுமாக வரிசை நிற்கும். ஒவ்வொருவரும் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி என்ன அரைச்சீங்க?" மிளகாயோ மல்லியோ என்றால் போச்சு, சாமிப் பலகாரத்தில் காரவாடை. மில்காரர், "ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டிட்டா சரியாப் போயிடும்மா" என்பார். யாரும் நம்பமாட்டார்கள், அடுத்த ஆளை முன்னால் விட்டுவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். மாவு வீட்டுக்கு வந்ததும் உடனே வறுத்துச் சலிக்க வேண்டும், இல்லையென்றால் புளித்துவிடும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் உருட்டலே ஆரம்பம். பாக்கெட் மாவு வந்ததும் இந்த ஒருநாள் வேலை பத்து நிமிஷமாகிவிட்டது. காலண்டர் உடைந்தது அங்கேதான். கடைக்காரர்கள் உடைத்தார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு நடந்த கதை. (அந்த மாவுப் பாக்கெட்டில் 'இடியாப்பம் / கொழுக்கட்டை மாவு' என்று ஒரே பாக்கெட்டில் இரண்டு பெயர் போட்டிருப்பார்கள். காலை டிபனும் பிள்ளையாரும் ஒரே மூட்டையிலிருந்து.)

முறுக்கை யோசித்துப் பாருங்கள். அதுவும் பண்டிகைக்குப் பிழிந்ததுதான். இன்று அதைப் பண்டிகைப் பலகாரம் என்று யாராவது சொல்வார்களா? டீக்கடை பாட்டிலில் இருக்கிறது, ரயிலில் விற்கிறார்கள், மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடே வந்துவிட்டது. சீடை இப்போது போகிற வழியில் முறுக்கு எப்போதோ போய்விட்டது, அதற்காக யாரும் வருத்தப்படவும் இல்லை. இன்னொன்று, கல்யாணச் சீர்வரிசைக்குக் கைமுறுக்கும் அதிரசமும் சுட்டுக்கொடுக்கும் பரிசாரகர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் காலங்காலமாக உண்டு. முகூர்த்தம் தை, சித்திரை, வைகாசி என்று வருஷத்தில் பல மாதங்களில் வரும். ஆகவே பண்டிகை இல்லாத நாளிலும் பட்சணம் போடத் தெரிந்த கைகள் முன்பே தயாராக இருந்தன. கடைகள் அந்தக் கைகளைத்தான் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டன.

பண்டம் முதலில் கோயிலில் இருந்தது, வியாபாரிதான் தெருவுக்கு இழுத்துவந்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது அவ்வளவு நேர்ப்பாதை இல்லை. சங்க நூலான மதுரைக்காஞ்சியில் ராத்திரிக் கடைத்தெருவைச் சொல்லும் இடத்தில், உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகம் விற்கும் கூவியர், அதாவது அப்பம் சுடுபவர்கள், உட்கார்ந்தபடியே தூங்கி வழிவது வருகிறது. அந்த வரிகளில் பிள்ளையாரும் இல்லை, சதுர்த்தியும் இல்லை. கடை மூடும் நேரம், தூக்கம், மோதகம், அவ்வளவுதான். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே மோதகம் கடைச்சரக்கு.

ஆடிக்கூழ் இதைவிட வேடிக்கை. கேழ்வரகும் நொய்யும் போட்டுக் காய்ச்சிய கூழ் உழைக்கிற வீடுகளின் தினசரிச் சாப்பாடு. அரிசிச் சோறு வீட்டுக்கு வீடு வந்ததும் கூழ் வீட்டைவிட்டுப் போய், மாரியம்மன் கோயில் வாசலில் ஆடி ஞாயிற்றுக்கிழமைக்கு ஊற்றும் பொருளாக மட்டும் நின்றது. அம்மன்தான் அதை மறந்துபோகாமல் காப்பாற்றி வைத்திருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். இப்போது சென்னையில் தள்ளுவண்டியில் மோர்மிளகாயும் மாங்காயும் கருவாடும் வைத்து வெயில் காலம் பூராவும் கூழ் விற்கிறார்கள், ஐடி கம்பெனி ஆட்கள் வரிசையில் நின்று குடிக்கிறார்கள். தினசரி உணவு, பிறகு ஆடி உணவு, மறுபடி தினசரி உணவு. இதில் எந்தக் கட்டத்தை 'சரியான பாரம்பரியம்' என்று சொல்வீர்கள்?

வேறு மதங்களிலும் இதே கதைதான், கொஞ்சம் தொட்டுவிட்டுப் போகிறேன். பள்ளிவாசலில் ரம்ஜானுக்குக் காய்ச்சும் நோன்புக் கஞ்சி தூக்குவாளியோடு வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக ஊற்றப்படுவது. விலை என்பதே இல்லாத பண்டத்துக்குக் கடை முளைப்பது கஷ்டம், அதனால் கஞ்சி பெரும்பாலும் ரம்ஜானோடுதான் இருக்கிறது. ஹைதராபாத் ஹலீம் அப்படியில்லை. அதுவும் ரம்ஜான் பண்டம்தான், ஆனால் அங்கே பெரிய வியாபாரம். 2010இல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று, சில ஹோட்டல்களில் ரம்ஜான் போன பிறகும் கிடைக்கும். கிறிஸ்துமஸ் பிளம் கேக் நம் பேக்கரிகளில் கண்ணாடித்தாள் சுற்றிய துண்டாக வருஷம் முழுக்க டீயோடு போகிறது. இங்கிலாந்தில் பெரிய வெள்ளிக்குச் சிலுவைக் குறி போட்டுச் சுடும் பன்னுக்கு இந்தச் சண்டை நானூறு வருஷப் பழசு. 1592இல், எலிசபெத் ராணி காலத்தில், பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ், சவ அடக்கம் தவிர மற்ற நாளில் அதை விற்கக் கூடாது என்று லண்டன் சந்தை அதிகாரி தடையே போட்டார். இப்போது அந்த ஊர் சூப்பர்மார்க்கெட்டில் எந்த மாதம் போனாலும் கிடைக்கிறது.

ஆக, வருஷம் முழுக்க விற்பது பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. என் ஆட்சேபணை வேறு இடத்தில்.

நான் வேலை பார்த்த கடைக்கு ஒரு தடவை பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு பல்பொருள் அங்காடி, மாதாமாதம் வெல்லச்சீடையும் உப்புச்சீடையும் கேட்டது. ஒரே நிபந்தனை, பாக்கெட் போட்ட நாளிலிருந்து 90 நாள் தாங்க வேண்டும். நாங்கள் அதுவரை மூன்று வாரத்துக்கு மேல் எதையும் வைத்ததில்லை. முதல் மாதிரியை அனுப்பினோம், ஒன்றரை மாதத்தில் சிக்குவாடை என்று திரும்பி வந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தோம். வெல்லச்சீடையில் பொடியாக நறுக்கிப் போடும் பச்சைத் தேங்காய்தான் முதலில் கெடும், அதை எடுத்துவிட்டுக் கொப்பரை போட்டோம். கொப்பரையும் காறியது, அதையும் எடுத்தோம். கடலை எண்ணெயை விட்டு, சூட்டுக்கு அதிகம் தாங்கும் பாமாயிலுக்கு வந்தோம். கடைசியில் வெண்ணெய். வெண்ணெயில் நீர் இருக்கிறது, கலப்படம் வருகிறது, விலையும் கட்டவில்லை, வனஸ்பதி போட்டுவிடலாம் என்றார் முதலாளி. போட்டோம். 90 நாள் தாங்கியது.

கிருஷ்ணன் பிறந்த நாளுக்கு ஏன் சீடை? அவன் வெண்ணெய் திருடன் என்பதால்தானே வெண்ணெய் போட்டுப் பிசைந்த மாவு. எங்கள் பாக்கெட்டில் கோலத்தில் வரைகிற மாதிரி குட்டிப் பாதங்கள் அச்சடித்திருந்தோம், உள்ளே ஒரு துளி வெண்ணெய் இல்லை. எங்கள் கடையில் முப்பது வருஷம் சீடை போட்டவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பெரிய சட்டி அம்மா'. அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மாதிரிப் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டார். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "கடிக்கறதுக்கு நன்னாருக்குடா" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடக் கடுமையான விமர்சனம் வந்து நான் கேட்டதில்லை.

இப்படித்தான் பண்டம் மாறுகிறது. மூன்று நாளில் தின்று தீர்ப்பதற்கு என்று செய்ததை மூன்று மாதம் அலமாரியில் நிற்பதற்கு என்று திருப்பிச் செய்யும்போது, ருசிக்கு எது காரணமோ அதுதான் முதலில் வெளியேறும். ஏனென்றால் ருசி தரும் பொருள்கள்தான் பெரும்பாலும் சீக்கிரம் கெடுபவை.

வாங்கும்போது பார்க்க வேண்டியதும் அதனால் இதுதான். பாக்கெட்டின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலை அளவில் அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு என்று வரிசையாகப் போடுவார்கள். வெண்ணெய், நெய் என்ற சொல்லே இல்லையென்றால் அது சீடை வடிவத்தில் ஒரு காரவகை, அவ்வளவுதான். சில்லறையாக வாங்குகிறீர்கள் என்றால், தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கவேண்டும் என 2020 அக்டோபர் 1 முதல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி இருக்கிறது. அதிரசத் தட்டில் சீட்டு இல்லையென்றால் தாராளமாகக் கேட்கலாம். சுட்ட எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கும் வரம்பு உண்டு. சிதைந்துபோன பொருள்கள் எண்ணெயில் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து நடைமுறை. அதை அளக்கும் கருவி உங்களிடம் இருக்காது, மூக்கு இருக்கிறது. பாக்கெட்டைப் பிரித்ததும் பழைய பெயின்ட் டப்பா மாதிரி ஒரு நெடி வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

படைக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். மடி ஆசாரம் பார்க்கும் வீடுகளில் வெளியில் செய்ததைப் படைப்பதில்லை, அது அவர்கள் வழக்கம், அதில் வாதாட ஒன்றுமில்லை. மற்றவர்களுக்குச் சொல்வேன்: கோயிலே வருஷம் முழுக்க விற்கிறது. திருப்பதி லட்டுக்கு 2009இல் புவிசார் குறியீடு, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல். மலைவாழையும் நாட்டுச்சர்க்கரையும் தேனும் பேரீச்சையும் நெய்யும் சேர்ந்த அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு, தைப்பூசம் பங்குனி உத்திரம் என்று பார்க்காமல் எல்லா நாளும் டப்பா விற்பனை உண்டு. அங்கே யாரும் மதிப்புப் போய்விட்டது என்பதில்லை. ஏனென்றால் பண்டத்தைப் பிரசாதமாக்குவது படைத்தல்தான், கிழமையும் மாதமும் இல்லை. வரிக்காரர்களுக்குக்கூட இந்த வித்தியாசம் தெரிகிறது. கடை லட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ கொடுக்கும் பிரசாதத்துக்கு வரி கிடையாது.

ஆனால் ஒன்று. சீடை போட நேரமில்லை என்பதற்காக வனஸ்பதிச் சீடையைப் பிரித்துத்தான் படைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. குசேலர் கொண்டுபோனது ஒரு பிடி அவல். அவலை நனைத்து வெல்லம் சீவிப் போட்டு, பக்கத்தில் ஒரு உருண்டை வெண்ணெய் வைத்தால் கால்மணி நேரத்தில் முடிந்தது. பாக்கெட் சீடையைப் பிள்ளைகள் சாயங்காலம் கொறிக்கட்டும்.

மதிப்புக் குறையாதா என்றீர்கள். என் அனுபவத்தில் விற்பனை குறையவில்லை. வருஷம் முழுக்கச் சீடை கிடைத்தும் கோகுலாஷ்டமி வாரத்தில் எங்கள் கடையில் ராப்பகலாக அடுப்பு அணையாது, வெளியாள் வைத்துத்தான் சமாளிப்போம். கிடைக்கிறதே என்பதற்காக ஜனங்கள் அந்த நாளை மறந்துவிடவில்லை. தனியாக இருக்கிற வயசானவர்களுக்கும், வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் இது நல்லதுதான். குறைந்திருப்பது ஆசைப்பட்டுக் காத்திருப்பது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, படைத்து முடியும்வரை தொடக்கூடாது என்று மச்சுப்படிக்குக் கீழே மூடிவைத்த சம்படத்தின் வாசனையோடு ஒரு பகல் பூராவும் போராடியிருக்கிறேன். அதைப் பாக்கெட்டில் போட்டுத் தர எங்களால் முடியாது.

வீட்டில் ஒரு தடவை முயன்று பார்க்கலாம் என்றால், உப்புச்சீடை வெடிக்குமே என்ற பயம்தான் பலருக்கும். ஒரு டம்ளர் அரிசி மாவுக்கு ஒரு மேஜைக்கரண்டி வறுத்தரைத்த உளுத்தம்மாவு, அதே அளவு வெண்ணெய், உப்பு, பெருங்காயம், கொஞ்சம் எள். இரண்டு மாவையும் இரண்டு தடவை சலித்துவிடுங்கள், ஒரு குருணைகூட இருக்கக் கூடாது. வழவழவென்று கோலி மாதிரி இறுக்கி உருட்டாதீர்கள். மேல்தோல் முதலில் வெந்து மூடிக்கொண்டால் உள்ளே கிளம்பும் நீராவிக்குப் போக வழியில்லாமல்தான் வெடிக்கிறது. லேசாக, மேலே விரிசல் விட்ட மாதிரி உருட்டித் துணியில் கால்மணி நேரம் போட்டு வையுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்து. எண்ணெய் புகையக் கூடாது, மிதமான சூடு போதும். முதல் ஈட்டில் நாலே நாலு சீடை மட்டும் போட்டு, இரண்டடி தள்ளி நின்று பாருங்கள்.